மகளின் பெயரில் போட்ட வழக்கு

தகப்பனால் வழக்குப் போட முடியாது, மகளால் முடியும். லாபிஸில் என் அலுவலகத்தில் இதைச் சொன்னபோது அந்தத் தகப்பன் நம்பவில்லை. "அவளுக்கு நாலு வயசுங்க, அவ எப்படி கேஸ் போடுவா?" என்றார். அவருடைய மனைவிதான் கோப்பை வாங்கிப் புரட்டிவிட்டு, "அக்கா, அவ பேருல நான் கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்டார். போடலாம். 2016-ல் செகாமாட் செஷன்ஸ் நீதிமன்றத்தில் அந்த வழக்கு அப்படித்தான் பதிவானது. வாதி ஒரு சிறுமி. அவளுக்காக வழக்கை நடத்தும் பிரதிநிதி அவளுடைய தாய்.

குழந்தை சம்பந்தப்பட்டது, உடன்பாட்டில் முடிந்தது. அதனால் பெயரையும் பட்டறை இருந்த இடத்தையும் தொகையையும் எழுத மாட்டேன். சட்டத்தையும் அளவுகளையும் எழுதலாம். எழுத வேண்டியவையும் அவைதான்.

அவர் முன்பு செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். முதுகு வலி வந்தபின் பழைய பேட்டரி உடைக்கும் பட்டறைக்குப் போனார். மூடியை அறுத்து, ஆசிட்டை வடித்து, உள்ளிருக்கும் தகடுகளை உருவி, உலையில் போட்டு உருக்கி, அச்சில் ஊற்றிக் கட்டியாக எடுப்பது வேலை. பார்க்கிறவர்கள் புகைக்குத்தான் பயப்படுவார்கள். தகட்டில் அப்பியிருக்கும் பசை காய்ந்து உதிரும் தூளும் அதற்குக் குறைந்ததல்ல. அது முழுக்க ஈயம். தலைமுடியில் ஒட்டும், நகக்கண்ணில் தங்கும், சட்டைத் தையலில் உட்காரும்.

பட்டறையில் குளிக்க இடம் இல்லை, உடை மாற்ற அறை இல்லை. அவர் அதே சட்டையோடு மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புவார். வாசலிலேயே பிள்ளை ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளும். சட்டைப் பையில் அவளுக்காக ஒரு மிட்டாய் இருக்கும். அந்தச் சட்டையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு முத்திரையிட்டு வாங்கி வைத்தேன். வேதியியலாளர் பையைத் திறந்து காட்டியபோது, துணியில் மிட்டாய்ச் சர்க்கரை இளகி ஒட்டிய இடத்தில் சாம்பல் நிறத் தூள் கெட்டியாகப் படிந்திருந்தது. அந்தச் சட்டை தினமும் தொங்கியது சமையலறைக் கதவுக்குப் பின்னால், பிள்ளை உட்கார்ந்து விளையாடும் இடத்துக்கு நேர் மேலே.

பிள்ளைக்கு வயிற்று வலி, சாப்பாடு இறங்காமை, சோகை. இரும்புச் சத்து மருந்து கொடுத்தும் சோகை தீரவில்லை. ஓர் இளம் மருத்துவர் மட்டும் "அப்பா என்ன வேலை செய்றார்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியால்தான் இரத்தப் பரிசோதனை நடந்தது. டெசிலிட்டருக்கு 27 மைக்ரோகிராம் ஈயம். தகப்பனுக்கு 44.

முதலில் அந்தக் குடும்பம் பட்டறையைத்தான் போய்க் கேட்டது. "பிள்ளைக்கு ஆகலைன்னா நீ வேலைக்கு வர வேண்டாம்" என்பதுதான் கிடைத்த பதில். இந்தப் பதிலுக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவில் ஜான்சன் கன்ட்ரோல்ஸ் என்ற பேட்டரி நிறுவனம் 1982-ல், பிள்ளை பெறும் நிலையில் உள்ள பெண்கள் ஈயம் படும் வேலைக்கு வரக் கூடாது என்று விதி வைத்தது. மலட்டுத்தன்மைக்கு மருத்துவச் சான்று காட்டினால்தான் அந்த வேலை. 1991-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது பெண்களுக்கு எதிரான பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. தூளைக் குறைப்பதற்குப் பதிலாக ஆளைக் குறைப்பது முதலாளிக்கு எப்போதும் மலிவு. லாபிஸிலும் அதைத்தான் சொன்னார்கள்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 1969-ஆம் ஆண்டு மலேசிய ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேலையால் வரும் நோய்க்குச் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு அமைப்பின் உதவித்தொகை உண்டு. ஈயத்தால் வரும் நச்சுப் பாதிப்பும் அதன் அட்டவணையில் இருக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 31-ஆவது பிரிவு, அந்த நோய்க்காகத் தொழிலாளி முதலாளிமேல் நஷ்டஈட்டு வழக்குப் போடுவதைத் தடுக்கிறது. அவரைச் சார்ந்தவர்களும் அவருடைய நோய்க்காகப் போட முடியாது. மகள் கேட்டது அப்பாவின் நோய்க்கு இல்லை. அவள் இரத்தத்தில் இருந்த ஈயத்துக்கு அவள் கேட்டாள். அவள் அந்தப் பட்டறையின் தொழிலாளி அல்ல, சொக்சோ உறுப்பினரும் அல்ல. 31-ஆவது பிரிவு அவளைத் தொடாது. அந்தச் சந்து வழியாகத்தான் நாங்கள் நீதிமன்றத்துக்குள் நுழைந்தோம்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் திறமைசாலி. அவருடைய வாதத்தின் உயிர்நாடி ஒன்றுதான்: எந்த வரம்பும் மீறப்படவில்லை. பட்டறைக் காற்றை அளந்த அறிக்கை ஒரு கன மீட்டருக்கு 110 மைக்ரோகிராம் என்றது. தொழிற்சாலைகளுக்கான 1984-ஆம் ஆண்டு ஈய விதிமுறைகள் அனுமதித்தது 150. தகப்பனின் 44, தொழிலாளியை வேலையிலிருந்து விலக்கி வைக்கச் சொல்லும் அளவுக்குக் கீழே. குழந்தைக்கு அந்த விதிமுறைகளில் அளவே கிடையாது. மீறாத வரம்புக்கு எப்படிப் பொறுப்பேற்பது என்று கேட்டார்.

முதலில் 150-ஐ எடுத்துக்கொண்டேன். அபாயகரமான ரசாயனங்களுக்கான 2000-ஆம் ஆண்டு விதிமுறைகளில் ஈயத்துக்குக் கொடுத்திருக்கும் அளவு ஒரு கன மீட்டருக்கு 0.05 மில்லிகிராம், அதாவது 50 மைக்ரோகிராம். ஒரே நாடு, ஒரே ஈயம், ஒரே நுரையீரல். 1984-ல் எழுதியவர்கள் 150 என்றார்கள், 2000-ல் எழுதியவர்கள் 50 என்றார்கள். 110 ஒன்றில் தேறுகிறது, மற்றொன்றில் இரண்டு மடங்குக்கு மேல் தோற்கிறது. ஈயத்துக்கென்றே தனி விதிமுறை இருக்கும்போது பொதுவானது செல்லாது என்றார் அவர். எது செல்லும் என்பதைவிட வேறொன்றை நீதிபதி கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். இந்த எண்கள் உடம்பைப் பார்த்து மட்டும் எழுதப்பட்டவை அல்ல. அன்றைக்குத் தெரிந்த மருத்துவம், அன்றைக்குக் கையிலிருந்த கருவி, அன்றைக்குத் தொழிற்சாலைகள் ஏற்றுக்கொள்ளத் தயாராயிருந்த செலவு, எல்லாம் கலந்து வந்தவை. பிரிட்டனின் 2002-ஆம் ஆண்டு விதிகளைப் பாருங்கள். தொழிலாளியை விலக்க வேண்டிய இரத்த அளவு ஆணுக்கு 60, பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு 30. அறுபதுக்குக் கீழே ஆண் நலமாக இருக்கிறான் என்று அதற்கு அர்த்தம் இல்லை. அதற்கு மேலே அவனை வேலையில் வைத்திருக்கவே கூடாது என்றுதான் அர்த்தம்.

அடுத்து அவர் அமெரிக்க எண்களை எடுத்துக்கொண்டார். குழந்தைகளின் இரத்தத்தில் கவலைக்குரிய ஈய அளவு என்று அங்கே 1960-களில் சொன்னது 60. பிறகு 40 ஆயிற்று. 1975-ல் 30, 1985-ல் 25, 1991-ல் 10, 2012-ல் 5. "இத்தனை தடவை மாற்றிய எண்ணை பிரதிவாதி எப்படி நம்புவது?" என்று கேட்டார். அந்தப் பட்டியலை அவரே எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி சொன்னேன். அதில் ஒரு தடவைகூட எண் மேலே ஏறவில்லை. ஆராய்ச்சி கூடக் கூட, முன்பு பாதிப்பில்லை என்று விட்டுவைத்த பிள்ளைகளிடமெல்லாம் பாதிப்பு தெரிந்தது. 1979-ல் ஹெர்பர்ட் நீடில்மன் பாஸ்டனை ஒட்டிய ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்து அளந்தார். பல்லில் ஈயம் கூடிய பிள்ளைகளுக்கு அறிவுத்திறன் மதிப்பெண் குறைவாகவும் வகுப்பில் கவனம் சிதறுவது அதிகமாகவும் இருந்தது. அந்தப் பிள்ளைகள் நோயாளிகளாக யாருக்கும் தெரியவில்லை. நீடில்மனை ஆய்வு மோசடிக்காரர் என்று குற்றம் சாட்டி விசாரணைவரை இழுத்தார்கள். அவர் குற்றமற்றவர் என்று அதில் முடிவாயிற்று.

இன்னொன்றையும் நீதிமன்றத்தில் விளக்க வேண்டியிருந்தது. 2012-ல் வந்த 5, பாதுகாப்பு அளவே அல்ல. ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள அமெரிக்கப் பிள்ளைகளில் அதிக ஈயம் உள்ள இரண்டரை சதவீதத்தினர் எந்த எண்ணுக்கு மேலே இருக்கிறார்களோ, அந்த எண் அது. யாரை முதலில் கவனிக்க வேண்டும் என்று காட்டுவது. 45 என்று இன்னோர் எண் உண்டு. அதைத் தொட்டால் ஈயத்தை உடம்பிலிருந்து பிரித்தெடுக்கும் மருந்து கொடுப்பார்கள். எங்கள் பிள்ளைக்கு 27. மருந்து கொடுக்கவில்லை என்பதை எதிர்த்தரப்பு "சிகிச்சையே தேவைப்படவில்லை" என்று எழுதியிருந்தது. ஈயம் வரும் வழியை அடைப்பதுதான் 27-க்குச் சிகிச்சை. ஒவ்வோர் எண்ணும் ஒரு காரியத்துக்காக உண்டானது. அதை வேறு காரியத்துக்கு எடுத்துவந்து நீட்டும்போது வழக்கறிஞர் எழுந்து நிற்க வேண்டும்.

ஈயம் உடம்பில் நடந்துகொள்ளும் விதமும் சட்டத்துக்கு இடைஞ்சல். உடம்பு அதைக் கால்சியம் என்று நினைத்து எலும்பில் சேர்த்துக்கொள்கிறது. இரத்தத்தில் அதன் அளவு ஒரு மாதத்தை ஒட்டிப் பாதியாகிவிடும். எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கும். விழுங்கிய ஈயத்தைச் சிறு பிள்ளைகளின் குடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு உறிஞ்சும். அதனால் அப்பாவின் 44-ஐயும் மகளின் 27-ஐயும் ஒரே தராசில் வைக்க முடியாது. பரிசோதனை நடந்தபோது தகப்பன் மூன்று வாரமாக வேலைக்குப் போகவில்லை. எங்களிடம் இருந்த எண்ணே குறைந்த பிறகு எடுத்த எண்.

எதிர்த்தரப்பு அடுத்து வைத்தது புக்கிட் மேரா வழக்கை. அதைக் கேட்டதும் எனக்கு மனம் கனத்தது. மலேசியத் தமிழர் மறந்துவிடக் கூடாத வழக்கு அது. ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் ஏசியன் ரேர் எர்த் ஆலை தோரியம் கழிவைக் கொட்டியது. ஊர்க்காரர்கள் 1985-ல் நீதிமன்றம் போனார்கள். அவர்களுக்காக நின்றவர்களில் வழக்கறிஞர் மீனாட்சி ராமன் ஒருவர். விசாரணை நடந்துகொண்டிருந்த 1987-ல் ஓப்பராசி லாலாங் என்ற அரசின் கூட்டுக் கைது நடவடிக்கையில் அவரையும் உள்ளே வைத்தார்கள். பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தின் எஸ். எம். முகமது இத்ரிஸ் கடைசிவரை துணை நின்றார். டாக்டர் டி. ஜெயபாலன் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் பார்த்தார். அந்தப் பிள்ளைகளின் இரத்தத்திலும் ஈயம் பார்க்கப்பட்டது. 1992 ஜூலை 11 அன்று ஈப்போ உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பே சுவீ சின், ஆலையை மூடச் சொன்னார். 1993 டிசம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. கம்பெனியின் நிபுணர்கள் பரிசோதனை செய்து பேசியவர்கள், அவர்கள் சாட்சியமே நம்பத்தக்கது என்பது ஒரு காரணம். உரிமம் கொடுத்த வாரியத்திடம் போயிருக்க வேண்டும் என்பது இன்னொன்று. வழக்கில் வென்ற கம்பெனி அடுத்த மாதமே ஆலையை மூடுவதாக அறிவித்தது.

அந்தத் தீர்ப்பை நான் மதிக்கவில்லை, ஆனால் அதைப் படித்திருந்தேன். அளந்தவர் பேச்சுதான் எடுபடும் என்றால் நாமும் அளக்க வேண்டும். அதனால் வழக்குப் பதிவதற்கு முன்பே அந்த வீட்டின் தரையை ஈரத்துணி மாதிரிகளால் துடைத்தெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தோம். கதவுக்குப் பின்னால், கட்டிலடியில், வாசலில், பக்கத்து வீட்டிலும் ஒன்று. அமெரிக்காவில் அப்போது வீட்டுத் தரைக்கு ஒரு சதுர அடிக்கு 40 மைக்ரோகிராம் என்பது அபாயக் கோடு. கதவுக்குப் பின்னால் எடுத்தது அதைப் பல மடங்கு தாண்டியது. பக்கத்து வீட்டில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. சாலையிலிருந்து வந்தது, பெயின்டிலிருந்து வந்தது, பொம்மையிலிருந்து வந்தது என்ற கதைகள் எல்லாம் அந்த ஒரு தாளோடு போயின. இரண்டு வீட்டுக்கும் ஒரே சாலை, ஒரே பெயின்ட்.

மிச்சமிருந்தது, பட்டறைக்காரர் இதை முன்கூட்டியே அறிந்திருக்க முடியுமா என்பது. அவர்கள் 2005-ல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் கொடுத்த மக்வயர் தீர்ப்பைக் காட்டினார்கள். கப்பல்துறைத் தொழிலாளியின் உடையைத் துவைத்த மனைவிக்கு ஆஸ்பெஸ்டாஸ் நோய். 1965-க்கு முன் அதை முதலாளி ஊகித்திருக்க முடியாது என்று அவர் தோற்றார். நான் 1996-ன் மார்கர்சன் வழக்கைக் காட்டினேன். லீட்ஸ் நகரத்தின் ஆர்ம்லியில் ஆலையின் ஆஸ்பெஸ்டாஸ் தூளில் விளையாடிய பிள்ளைகள் பெரியவர்களாகி நோயில் விழுந்தார்கள். ஆலைச் சுவருக்கு வெளியே இருந்தவர்களிடமும் ஆலைக்குக் கடமை உண்டு என்று அதில் தீர்ப்பாயிற்று. ஈயத்தின் விஷம் பற்றி 1921-லேயே உலகத் தொழிலாளர் அமைப்பு வெள்ளை ஈயப் பெயின்டுக்கு எதிராக ஓர் ஒப்பந்தம் செய்துவிட்டது. 2010-களில் பேட்டரிப் பட்டறை நடத்துகிறவர் தெரியாது என்று சொல்ல இடமில்லை. அவர்கள் நம்பியிருந்த 1984 விதிமுறைகளே வேலை உடை, உடை மாற்றும் இடம், கழுவும் வசதி எல்லாம் கேட்டன. தூள் ஆளோடு வெளியே போகும் என்று தெரியாமலா அதைக் கேட்டார்கள்? 1994-ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, தொழிலாளி அல்லாதவர்களையும் ஆபத்துக்கு உள்ளாக்கக் கூடாது என்கிறது. அதே சட்டத்தின் 59-ஆவது பிரிவு, இதை வைத்துச் சிவில் வழக்குப் போடும் உரிமை இல்லை என்கிறது. சரி, அதன்மேல் வழக்குப் போடவில்லை. எதை அறிந்திருக்க வேண்டும் என்பதற்கு அதைச் சாட்சியாகத்தான் வைத்தேன்.

இரண்டாம் நாள் விசாரணைக்குப் பிறகு சமரசத்துக்கு வந்தார்கள். சிறுவர் வழக்கில் பெற்றோர் ஒப்புக்கொண்டால் மட்டும் போதாது, நீதிமன்றம் ஏற்க வேண்டும். நீதிபதி தன் அறையில் தாயிடம் நேரடியாகப் பேசினார். தொகை பிள்ளையின் பெயரில், 18 வயது வரை யாரும் தொடாதபடி. பட்டறையில் குளியலறை, இரண்டு பக்கம் பூட்டும் அலமாரி, வேலை உடையை அங்கேயே துவைப்பது. இந்தப் பிள்ளைக்கும், அங்கே வேலை செய்யும் மற்றவர்களின் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை, பட்டறைச் செலவில். கடைசி நிபந்தனைக்காகத்தான் நான் அதிகம் சண்டை போட்டேன். அதை விட்டுக்கொடுத்தால் தொகையைக் கூட்டித் தருவதாகச் சொன்னார்கள். தாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கென்யாவின் மொம்பாசாவில், ஓவினோ உஹுரு குடியிருப்பை ஒட்டி இதே மாதிரி பேட்டரி ஈய உருக்காலை ஒன்று இருந்தது. அங்கே வேலை பார்த்த ஃபிலிஸ் ஒமிடோவின் கைக்குழந்தைக்கு ஈய நச்சு. 2020-ல் அங்குள்ள நீதிமன்றம் மக்களுக்கு 130 கோடி ஷில்லிங் கொடுக்கச் சொன்னது. இடையில் மேல்முறையீட்டில் அது ரத்தாகி, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தால் மீண்டும் நிலைத்தது. அந்தத் தீர்ப்பு 2016-ல் என் கையில் இருந்திருந்தால் என் வேலை பாதியாகியிருக்கும்.

நம் நாட்டில் 1984 விதிமுறைகளுக்கு அடிப்படையான தொழிற்சாலைச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நீக்கப்பட்டுவிட்டது. கலிபோர்னியா 2025 ஜனவரி முதல் வேலையிடக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்று கொண்டுவந்திருக்கிறது. நாம் எந்த எண்ணை வைத்தாலும், அது எந்த ஆண்டு ஆய்வை நம்பி எழுதியது, மறுபடி எந்த ஆண்டு பார்க்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்க வேண்டும். ஈயத்தைத் தொடும் தொழிலாளியின் வீட்டில் சிறு பிள்ளை இருந்தால் அதன் இரத்தத்தையும் பார்க்கும் கடமை முதலாளிக்கு வர வேண்டும். லாபிஸில் ஓர் உடன்பாட்டுத் தாளில் அதைக் கொண்டுவர முடிந்தது என்றால், புத்ராஜெயாவில் ஒரு விதிமுறையில் கொண்டுவர முடியாதா?

2021 அக்டோபரில் அமெரிக்கர்கள் 5-ஐ 3.5 ஆக்கினார்கள். அந்த ஆண்டு பிள்ளையின் பரிசோதனையில் வந்தது 4. தாய் எங்கேயோ படித்துவிட்டுப் போன் செய்தார். "போன வருசம் நாலுன்னா நல்லதுன்னீங்க அக்கா. இப்ப நாலு கெட்டதாயிடுச்சா?" நாலு மாறவில்லை, 27-லிருந்து அங்கே வந்தது பெரிய காரியம்தான், ஆனால் பிள்ளைக்கு இதற்குக் கீழே தீங்கில்லை என்று சொல்ல எந்த எண்ணும் இல்லை என்றேன். பள்ளிக்கூடத்தில் படிப்பு எப்படி என்று கேட்டேன். கணக்கு மட்டும் கஷ்டப்படுகிறாள் என்றார். அது ஈயத்தாலா என்று யாராலும் சொல்ல முடியாது; அதைத்தான் எதிர்த்தரப்பும் சொல்லிக்கொண்டிருந்தது. அடுத்த வருட பரிசோதனையைத் தவறவிடாதேம்மா, பணம் பட்டறைதான் கட்டணும், பில்லை எனக்கு அனுப்பு என்றேன்.